ஊரைப் பிடித்த பேரரசி

பதினொரு வயதில் நான் ஒரு பேரரசி. ஆலங்குடாவில், எங்கள் வீட்டு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்த பழைய கம்ப்யூட்டரில் என் ஆட்சி நடந்தது. புத்தளம் டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிற மாமா, நான் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று அதைக் கொண்டுவந்து தந்திருந்தார். நானும் படித்தேன். தாக்கு, அழி, சரணடை, இந்த மூன்றுக்கும் இங்கிலீஷில் எனக்குப் பிழையே வராது.

விண்வெளியில் கிரகங்களைப் பிடித்து, சுரங்கம் வெட்டி, வரி வாங்கி, போர்க்கப்பல் கட்டுகிற விளையாட்டு அது. நான் வந்ததையெல்லாம் கப்பலாகவே கட்டினேன். கட்டியதைத் தலைநகரைச் சுற்றி நிறுத்திவைத்து அழகு பார்த்தேன். பெருநாளைக்கு வாங்கிய கண்ணாடிக் கோப்பைகளை உம்மா அலுமாரியில் அடுக்கிவைத்து, ஒருவருக்கும் அதில் தேத்தண்ணி ஊற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதைப்போல. படைபலம் என்றால் அதுதான் என்பது என் எண்ணம்.

நாட்டில் சண்டை முடிந்து மன்னாருக்குப் போகலாம் என்று ஆகியிருந்த காலம். எங்கள் வீட்டில் 'ஊர்' என்றால் ஆலங்குடா இல்லை. மன்னார்ப் பக்கம் நான் கண்டிராத ஓர் இடம். வாப்பா இளந்தாரியாக இருந்தபோது, துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லாரையும் அங்கிருந்து வெறுங்கையோடு போகச் சொன்ன கதையைக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். இப்போது வாப்பா, திரும்பிப் போவோம் என்றார். உம்மா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கேதானே என்றார். ஒன்றும் முடிவாகவில்லை. ஆனாலும் வாப்பா, ஊரில் விட்டுவந்த வீட்டு வளவில் காடு வெட்டவென்று ஒரு புதுக் கத்தி வாங்கி, சாரனில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஓரத்தில் ஒரு கிரகம் கிடைத்தது. விளையாட்டு அதற்குப் பெயர் கேட்டது. வெங்காயத் தோட்டத்தில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த வாப்பாவிடம் நான் கேட்டேன்.

"ஊர் எண்டு வையுங்க மகள்."

வைத்தேன். அதற்குப் பிறகு பின்னேரங்களில் வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து இருப்பார். என் கப்பல்களைக் கணக்கில் எடுக்கமாட்டார். திரையின் ஓரத்தில் ஊர் என்று நின்ற பச்சைப் புள்ளியை மட்டும் பார்ப்பார்.

"ஊர்ல என்ன நடக்குது?"

"மழை வாப்பா. விளைச்சல் நல்லம்."

மழை என் சொந்தச் சரக்கு. அந்த விளையாட்டில் மழையே கிடையாது.

ஒருநாள் எதிரிப் படை ஊர்ப்பக்கம் வந்தது. என் கப்பல்களோ தலைநகரில் அணிவகுப்பில் நின்றன. அவை போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிடும். சனத்தை வெளியேற்றவா என்று திரை கேட்டது. ஓம் என்று அமத்தினேன்.

"என்ன செய்றீங்க?"

"ஆக்களை எடுக்கிறன் வாப்பா. தலைநகருக்கு வந்தா எனக்கு வேலைக்கு ஆள் கூடும்."

"சாமான் கொண்டு வரலாமா?"

"ஏலாது. ஆக்கள் மட்டும்தான். சட்டி பானைக்கெல்லாம் ராக்கெட்ல இடமில்ல."

என் பகிடிக்கு வாப்பா சிரிக்கவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய காலை இன்னொரு தரம் கழுவினார்.

தோற்றதில் கோபம் என்று நினைத்தேன். கிழமைக் கணக்கில் கப்பல் கட்டினேன். வரியைக் கூட்டினேன். கரண்ட் போய் இரண்டு தரம் முழுப்படையும் அழிந்தது. அழுதுவிட்டுத் திரும்பவும் கட்டினேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா ஜும்ஆ முடிந்து வந்தபோது, ஊர் என் கையில் இருந்தது.

"பிடிச்சிட்டன் வாப்பா."

தொப்பியைக் கழற்றாமலே கதிரையின் விளிம்பில் இருந்தார். "இப்ப அங்க யார் இருக்கிறாங்க?"

"ஒருத்தரும் இல்ல. காடு. இனித்தான் ஆக்களை அனுப்பணும்."

"அனுப்புங்க மகள்."

அமத்தினேன். ஒருவரும் அசையவில்லை. தலைநகரில் சனம் வசதியாக இருக்கிறது, போக விருப்பமில்லை என்று திரையில் வந்தது. அதைத் தமிழில் சொன்னேன். மாமாவின் இங்கிலீஷ் அன்றைக்குத்தான் உதவிற்று.

"அங்கயிருந்து வந்த ஆக்கள்தானே அவங்க?"

"இதில வருஷம் கனக்கப் போயிட்டு, அவங்க கிழவங்களாயிட்டாங்க வாப்பா. இப்ப இருக்கிறது அவங்கட பிள்ளைகள். அதுகள் ஊரைக் கண்டதே இல்லையே."

"கட்டாயப்படுத்தி அனுப்பினா?"

"போவாங்க. ஆனா முகத்தைத் தூக்கி வச்சிக்கொண்டுதான் இருப்பாங்க."

உம்மா குசினி வாசலில் வந்து நின்றார். வாப்பா அவரைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "விளங்குது மகள்" என்றார்.

அன்று பின்னேரமே பையை அவிழ்த்து, அந்தப் புதுக் கத்தியைத் தேங்காய் உடைக்க உம்மாவிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் ஆலங்குடாவிலேயே இருந்தோம். திரும்பிப் போகிற கதையை வாப்பா பிறகு எடுக்கவே இல்லை.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. அடுத்த நாளே, எங்கள் வாப்பாவுக்கும் விளையாட்டு விளங்கிவிட்டது, நான்தான் பழக்கினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.