மாரியம்மன் எனக்குத் திருப்பித் தந்த ஞாயிற்றுக்கிழமை

தினசரி காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பக்கம்: கார்த்திகை மாதம், புதன்கிழமை. பின்பக்கம் என் கையெழுத்தில்: “வியாழன். விரதம். தலைசுற்றல். காலையில் தூறல்.”

அன்றைய தாளை அன்றே கிழித்து அதன் பின்புறம் எழுதுவது என் பழக்கம். மழை, ரயில் தாமதம், நம் ஊரில் மூடிப்போன எந்தத் தங்கச் சுரங்க ஷாப்டின் இரும்புக் கோபுரத்தை எப்போது பிரித்தார்கள் என்பதெல்லாம் எழுதுவேன். நாள் கிழமை எனக்குத் தப்பாது என்று கர்வமும் உண்டு. அப்படிப்பட்ட நான் புதன்கிழமையை வியாழன் என்று எழுதினேன். அந்தத் தவறில் என் மகளைப் பறிகொடுத்திருப்பேன். மாரியம்மன் காத்தாள். என்னைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இந்தச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் குடியிருக்கிறேன். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு போய், ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, இருட்டும் நேரத்துக்குத் திரும்புவேன். கணவர் எங்களை விட்டுப் போனபோது செவ்வாய் விரதம் நேர்ந்துகொண்டேன். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வெள்ளி. வேலை போய்விடுமோ என்று பயந்தபோது சனி. இப்படி ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு நாள் போனது. திங்களும் வியாழனும் அப்படிச் சேர்ந்தவைதான். பகல் முழுக்கப் பட்டினி, இரவில் ஒரு வேளைச் சோறு. மிச்சம் இருந்தவை புதனும் ஞாயிறும். ஞாயிறு முழுக்கத் துணி, மாவு, வீட்டு வேலை. எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

டியூஷனிலிருந்து மகளை வியாழன் மட்டும் பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா அழைத்து வருவார். மற்ற நாட்களில் நான். அந்தப் புதன்கிழமை, வியாழன் என்று நம்பி, ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம். நிர்மலா அக்கா தனியாக நின்றார்.

“இன்னா மாலதி, படுத்துக்கினு கீற? பாப்பா எங்க?”

“நீங்கதானேக்கா கூட்டிக்கினு வரணும்?”

அவர் முகம் மாறியது. “இன்னிக்குப் புதன்டி.”

செருப்பைத் தேடவில்லை. ஓடினேன். டியூஷன் வீட்டில் டீச்சர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “ரோட்டுல உங்கள மாதிரி யாரோ போனாங்க. பாப்பா அம்மான்னு சொல்லிட்டு பின்னாலயே ஓடினாளே!” என்றார்.

அங்கிருந்து எங்கள் வீட்டுக்குக் குறுக்குவழி சயனைட் மேட்டை ஒட்டிப் போகும். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலை போலக் குவிந்த இடம் அது. மழைக்கு அரித்து ஆளை விழுங்கும் பள்ளங்கள். கூட்டமாக நாய்கள். விளக்கு இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் வரவில்லை. பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். “தாயே, என் பிள்ளையைக் கொடு. புதனும் ஞாயிறும் உனக்கே” என்று அழுதேன்.

மேட்டின் கோடியில் சின்ன மாரியம்மன் கோயில். அதன் படியில், பல்பின் கீழ், மகள் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். அவளால் எப்படி எழுத முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. “இங்கதாம்மா லைட்டு இருந்துச்சு” என்றாள்.

அம்மன் கொடுத்துவிட்டாள். நானும் வாக்கைக் காப்பாற்றினேன். வாரம் முழுவதும் விரதம் ஆனது.

அடுத்த திங்கட்கிழமை மாலை, ரயில் எங்கள் ஸ்டேஷனான கோரமண்டலை நெருங்கும்போது, இறங்குவதற்காகக் கதவருகே நின்றேன். கண் இருட்டியது. யாரோ என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மறுபடி பார்வை வந்தபோது ஜெயந்தி திட்டிக்கொண்டிருந்தாள். தினமும் என்னோடு வருபவள், ஒரு கடையில் பில் போடுகிறாள்.

“சாவணும்னா வேற பொட்டில சாவு. உன்ன இழுத்ததுல என் வடை போச்சு.”

விரதங்களைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஏழு நாளும் சாமிக்கு. பாப்பாவுக்கு எந்த நாளு?” என்றாள்.

“வேண்டுனத மாத்தக் கூடாது ஜெயந்தி. சாமி கண்ணக் குத்திடும்.”

“மாத்தாத. வேற விரதம் புடி. எங்கம்மா காலத்துல சுரங்கக்காரங்க லைன் வீடுங்கள்ல கை விரதம்னு ஒண்ணு இருந்துச்சு. வயிறு நிறையத் துன்னலாம். அடுப்பு, துடைப்பம், துணி எதையும் கை தொடக் கூடாது. தொட்டா தோஷம். போய் அம்மன்கிட்ட பூக் கேளு.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழி. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சன்னிதியில் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஏழு நாள் பட்டினிக்குப் பதில் ஞாயிறு மதியம் கை விரதம் இருக்கலாம். சிவப்பு வந்தால் பட்டினி தொடரும். நான் இல்லாமல் போனால் பிள்ளைக்கு யார் என்ற ஒரே கேள்விதான் அன்று என் ஜபம். மகள் ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். கையை எடுத்தாள். மற்றதை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் மெதுவாகப் பிரித்தார்.

நந்தியாவட்டை. வெள்ளை.

முதல் ஞாயிறு மதியம் கழுவாத பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தில் கை துடைப்பத்துக்குப் போனது. தோஷம் என்று வெடுக்கென இழுத்துக்கொண்டேன். எனக்காக என்றால் ஓய்வெடுத்திருக்க மாட்டேன். பயம்தான் என்னை உட்காரவைத்தது. அப்படியே தூங்கிப்போனேன். திடுக்கிட்டு விழித்தபோது மகள் பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்தாள்.

“மகாராணி விரதம் முடிஞ்சுதா?” என்றபடி குழம்போடு வந்தார் நிர்மலா அக்கா.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசிவிடுகிறோம். முதலில் ஞாயிறு மதியத்தை அம்மனுக்கு எடுத்துவைக்கிறோம். மீதியில்தான் வேலை. புதன்கிழமை இரண்டு வீட்டுக்கும் நான் மாவு அரைப்பேன். ஞாயிறு சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து வரும். எந்த நாள் யார் அழைத்து வருவார்கள் என்பதை மகளே உரக்கச் சொல்ல வேண்டும். வாரத்துக்குள் அடங்காத வேலையை விட்டுவிடுகிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. இருட்டினால் இன்னும் ஒரு முறை கிழமையைச் சரிபார்க்கிறேன்.

சகோதரிகளே, பயத்தில் உடம்பைக் காணிக்கையாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. கை விரதம் பற்றி இங்குள்ள பழைய குடும்பங்களில் விசாரித்தேன். கிடைத்த புத்தகங்களிலும் தேடினேன். யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜெயந்தியின் அம்மா இப்போது இல்லை. அவளிடமே திரும்பக் கேட்டதற்கு, “தூங்குனியா இல்லியா, அத்தச் சொல்லு” என்கிறாள். அந்த விரதம் நம் லைன்களில் உண்மையிலேயே இருந்ததா, அன்று ரயிலில் அவள் இட்டுக்கட்டியதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.