பச்சைப்பிள்ளை வாக்கு

என் தங்கைக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. எங்கள் வீட்டின் தலையெழுத்து அவள் வாயில் இருந்தது.

அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில், பேசத் தொடங்கியிருக்கும் குழந்தையைக் கூப்பிட்டு, வயிற்றில் இருப்பது யார் என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சைப்பிள்ளை சொன்னால் பலிக்குமாம். மற்ற வீடுகளில் இதை விளையாட்டாகக் கேட்பார்கள். சாரல் காலத்துக்காகச் சுரண்டையிலிருந்து தென்காசிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்காள், விளையாட்டாகக் கேட்கவில்லை. காலையில் தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்ததும் பிடித்து நிறுத்துவாள்.

"ஏட்டி, அம்மா வயித்துல யாரு இருக்கா? தம்பியா, தங்கச்சியா?"

"தங்கச்சி."

நாள் தவறாமல் அதே பதில்தான். அத்தையின் முகம் சுருங்கும். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு சொல்லால் இத்தனை பெரிய மனிதர்களின் முகத்தை மாற்ற முடிகிறதே என்று அவளுக்கு ஒரே குஷி. வேறு காரணம் ஒன்றும் இருந்திருக்காது.

நானும் முதலில் சிரித்தவள்தான். ஒரு மத்தியானம், கூடத்தில் அத்தை அப்பாவிடம் பேசியதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏலே, மூணாவதும் பொட்டப்பிள்ளையாப் போச்சுன்னா என்ன செய்யப் போற? வயல யாரு பாப்பா? என் கொழுந்தன் மவ இருக்கா, தங்கமான பிள்ள. நாளைக்கு அவங்க எல்லாரும் குத்தாலத்துக்குக் குளிக்க வாராவ. அங்கன வச்சு இந்தக் குட்டியக் கேப்போம். தங்கச்சின்னு சொன்னான்னா, அங்கனயே வெத்தல பாக்கு மாத்திக்கிடுவோம். இவளும் இருந்துட்டுப் போறா, யாரு வேண்டாங்கா?"

'இவள்' என்றது அம்மாவை. இரண்டாம் கல்யாணத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்காத காலம் அது. நிற்க வேண்டியவர் அப்பா. அவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பாப்போம்க்கா" என்றார். அப்பாவுக்கு நல்ல கணீரென்ற குரல். சுந்தரபாண்டியபுரத்து வயலில் நின்று கூப்பிட்டால் இரண்டு வரப்புக்கு அப்பால் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அக்காள் முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. 'பாப்போம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு எட்டு வயது. இரண்டாம் கல்யாணம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் சித்தி வந்திருந்தாள். வந்த மாதமே சாவிக்கொத்து கைமாறியது. சிநேகிதியின் அம்மா மாட்டுத்தொழுவை ஒட்டிய அறைக்குப் போனாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருப்பதைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். அந்த அம்மாள் இருந்த இடத்தில் என் அம்மாவை வைத்துப் பார்த்தேன்.

அப்பா பேச மாட்டார், அம்மாவால் பேச முடியாது. மிச்சம் இருந்தவள் நான். தங்கையைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்க் கருப்பட்டித் துண்டைக் காட்டி, "தம்பின்னு சொல்லு" என்றேன். கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு "தங்கச்சி" என்றாள். கெஞ்சினேன். கொஞ்சினேன். கடைசியில் தொடையில் ஒரு கிள்ளு. வீறிட்டு அழுதாளே தவிர, சொல்லை மாற்றவில்லை.

மறுநாள் கூட்டுவண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. வழியெல்லாம் தூறல். மற்றக் குழந்தைகளுக்கு அந்தப் பாதையில் அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கும் இடம் சந்தோஷமான இடம். எனக்கு அன்றைக்கு அந்த இடம் வரவே கூடாது என்று இருந்தது. தங்கையை மடியில் இறுக்கிக்கொண்டு, காதில் "தம்பி, தம்பி" என்று ஓதியபடியே வந்தேன். அவள் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சுரண்டைக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். அத்தையின் கொழுந்தன், அவர் மனைவி, அந்தப் பெண். முறைக்கு அவள் எங்களுக்கு மதினி. அத்தை நினைத்தது நடந்தால் சித்தி. பதினைந்து, பதினாறு வயது இருக்கும். அருவியில் நனைந்த தலையை உதறிக்கொண்டு வந்தவள், நேரே தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தக் கழுதையும், நான் தூக்கினால் நெளிகிறவள், அவள் தோளில் சொகுசாகச் சாய்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழகாக வேறு இருந்தாள். அதுவும் சேர்ந்து எரிந்தது.

அம்மாவை அருவிக்கு நேரே நிற்க விடவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் இருந்தபடியே தங்கையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தேன். மதினி அவளைப் பழக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும் வழியில், ஒரு பாறையின் மறைவில் நின்று, குனிந்து, தங்கையின் காதில் என்னவோ சொன்னாள். ஒருமுறை சொல்லி, முகத்தைப் பார்த்து, மறுபடியும் சொன்னாள். தங்கை தலையை ஆட்டினாள்.

போச்சு என்று நினைத்தேன். 'தங்கச்சி' என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு அவளே வழி பண்ணுகிறாள். ஓடிப்போய்த் தங்கையைப் பிடுங்க எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளும் அந்தப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்து முடித்து, மண்டபத்தில் இலை போட்டுப் புளிச்சோறு சாப்பிட்டோம். குரங்குகளை விரட்டியபடி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இலைகளை எடுத்ததும், அத்தை கூடையிலிருந்து வெற்றிலைத் தட்டை எடுத்து நடுவில் வைத்தாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டாள்.

"இங்கன வா. எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொல்லு. அம்மா வயித்துல யாரு?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவின் கை ஈரச் சேலையின் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. நான் தங்கைக்கு எதிரே நின்று, உதட்டை அசைத்துத் 'தம்பி, தம்பி' என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மதினியைப் பார்த்தாள். மதினி தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றாள் தங்கை.

அத்தை, "என்னது?" என்றாள்.

"தம்பி! தம்பி! தம்பி!" மண்டபம் அதிரக் கத்திவிட்டு, நேரே மதினியிடம் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். "பழம் தா."

மதினியின் முகம் சிவந்தது. மடியிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைக்கு யாராவது பழம் கொடுப்பது அதிசயமா என்ன? அத்தை அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்கையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள், அம்மாவைக்கூட ஒருமுறை சிரித்துப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டு கூடைக்குள் போயிற்று. "ஐப்பசி வரைக்கும் பொறுப்போம்" என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவர் வயதுவந்த பெண்ணை வைத்துக்கொண்டு யார் வாக்குக்கும் காத்திருக்கவில்லை. ஆவணியிலேயே குத்துக்கல்வலசையில் ஒரு விவசாயி மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் அம்மாவுக்குப் பிறந்தது பெண்தான். அத்தை வந்து தங்கையின் தாடையில் இடித்து, "ஏமாத்திப்புட்டியேட்டி" என்றாள். தன் வீட்டுப் பெண்ணாக இருந்தால்தான் அத்தைக்குத் தம்பி வீட்டில் செல்வாக்கு. அப்படி வேறு பெண் அவளிடம் இல்லாததால் பேச்சு அதோடு நின்றுபோனது. அப்பா குழந்தையைத் தூக்கி, "மூக்கு எங்கள மாதிரி" என்றார். அக்காள் முன்னால் அவர் தைரியமாகப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆனால் குற்றாலத்தில் வண்டி ஏறப்போகும் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் ஏது? ஜெயித்துவிட்டேன் என்று மட்டும் தெரியும். என் கருப்பட்டியும் கிள்ளும்தான் ஜெயித்தன என்று நினைத்தேன். அந்த மதினி என்னவோ சொல்லிக்கொடுக்க, என் தங்கை அதை மறந்து என் பாடத்தைச் சொல்லிவிட்டாள். அப்படித்தான் நினைத்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். கடையில் தனக்கென்று வாங்கிய பிச்சிப்பூவை அப்படியே எடுத்துக்கொண்டு மதினியிடம் போனாள். அவள் ஈரத்தலையைக் கோதி, முடிந்து, பூ முழுவதையும் அவளுக்கே வைத்துவிட்டாள். முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். மதினி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து விம்மினாள். பெரியவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நான் மட்டும்தான்.

வண்டி நகர்ந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்குப் போயி எதுக்கும்மா பூ வச்ச?"

"அவளும் சின்னப்பிள்ளதானட்டி," என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாவணி போட்டவள், இடுப்பில் பிள்ளையைத் தூக்கத் தெரிந்தவள், எப்படிச் சின்னப்பிள்ளை ஆவாள்? தோற்றுப்போனவள் அழத்தான் செய்வாள். அதற்கு அம்மா ஏன் அழ வேண்டும்? தன் பக்கம் யார், எதிர்ப்பக்கம் யார் என்றுகூட இந்த அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தென்காசி வந்து சேரும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.