ஆரணி விரால் ஏன் செத்து வருகிறது

வேலூரில் நான் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் விரால் மீன் குழம்பு. பட்டாளத்துச் சிப்பாய்களும் தாலுகா கச்சேரிக் குமாஸ்தாக்களும் அதற்காகவே வருவார்கள். மீன் ஆரணியிலிருந்து, முனுசாமி என்கிற வியாபாரியிடமிருந்து, தண்ணீர்ப் பானையில் ரயிலேறி வரும். ஒரு வருஷமாக அது பாதிக்குப் பாதி செத்து வந்துகொண்டிருந்தது.

விரால் சாமானியத்தில் சாகிற மீன் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிப் போட்டால் பகல் முழுக்க உயிரோடு கிடக்கும். அது தண்ணீருக்குள்ளேயே செத்து வருகிறதென்றால் எங்கோ கோளாறு. ஆளனுப்பிக் கேட்டால், "வெயில்" என்று பதில் வரும். மார்கழி மாதத்திலும் வெயில்தானாம்! மாசி பிறந்ததும் பொறுமை போய்விட்டது. நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். என்னைப்போல் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைப்பானேன்.

சனிக்கிழமை விடியற்கால ரயில். மூன்றாம் வகுப்புக்கு நாலணாவும் சில்லறையும் ஆயிற்று. இறங்க வேண்டிய ஸ்டேஷன் ஆரணி ரோடு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே ரோடுதான் இருக்கிறது. ஆரணி இன்னும் ஆறேழு மைல். வண்டிக்காரன் கோவிந்தன் பகல் முழுவதற்கும் முக்கால் ரூபாய் கேட்டான், பத்தணாவுக்கு இறங்கினான். நல்ல மனுஷன் என்றே நினைத்தேன். வழியில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது பாதியை அவனுக்குக் கொடுத்தேன், சந்தோஷமாகச் சாப்பிட்டான்.

ஆரணிக்குள் காலை நேரத்தில் வண்டி சுலபமாகப் போகாது. நெசவுத் தெருக்களில் பட்டுப் பாவு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அப்படிச் சுற்றும்போது ஒரு தெருமுனையில் ஒரு பெண் பானையோடு நிற்பதைப் பார்த்தேன். நெசவுக்காரர் ஒருவர் மீந்த கஞ்சியைத் தூக்கிப் பிடித்து, பானை மேல் படாமல் ஊற்றினார். ஏதோ மாட்டுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் முனுசாமியைப் பிடித்தேன். வாயெல்லாம் வெற்றிலை, பேச்செல்லாம் வெல்லம்.

"எல்லாம் பெரிய ஏரி மீனுங்க. தேன் மாதிரி இருக்கும்."

"எந்த ஏரி?"

"பெரிய ஏரிங்க" என்றான். அதற்கு மேல் பெயரில்லை.

வண்டிக்குத் திரும்பியதும் கோவிந்தன் சிரித்தான். "ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. ஏரிக் குத்தகை அவன் கையை விட்டுப் போயி ஒரு வருசமாவுது. இப்போ சேத்துப்பட்டு ரோட்டுல செங்கல் சூளைப் பள்ளம் ஒண்ணு கீது, அங்கேர்ந்துதான் எடுக்கறான்."

நாலு மைல் போனோம். கைவிட்ட சூளை, பக்கத்தில் மண் வெட்டியெடுத்த பெரிய பள்ளம், நிறையப் பச்சைத் தண்ணீர். கரையில் வேல முள் வெட்டிப் போட்டு நாரையை விரட்டியிருந்தார்கள். அதை வைத்திருப்பவர்கள் அந்தோணி என்பவரும் அவர் மனைவி சவரியம்மாளும். பக்கத்துச் சேரிக்காரர்கள், கூலி வேலை, மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். சவரியம்மாளைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று, காலையில் கஞ்சிப் பானையோடு நின்றவளேதான்.

"கஞ்சிய கெண்டைக் குஞ்சு தின்னும் சாமி. குஞ்ச விராலு தின்னும்" என்றாள். ஏரி வற்றும்போது சேற்றில் தவிக்கிற குஞ்சுகளைப் பொறுக்கி வந்து விட்டு வளர்த்தார்களாம். சாமி என்று கூப்பிடாதே, ஐயா என்றாலே போதும் என்றேன். சரி சாமி என்றாள்.

அன்றைக்கு மீன் கொடுக்கும் நாள். அந்தோணி நாலு பானைகளில் பள்ளத்துத் தண்ணீரையே மொண்டு, விராலை விட்டு, இரண்டு காவடிகளாகக் கட்டினார். ஆளுக்கொன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு மீனும் முழங்கை நீளம். பானை வாயில் வந்து மூச்சு விட்டுவிட்டு உள்ளே போயிற்று. இதைவிட உயிருள்ள மீனை நான் பார்த்ததில்லை. பிறகு எங்கே சாகிறது? வண்டியில் அவர்கள் பின்னாலேயே போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு வறண்ட ஓடை. முனுசாமி குடை பிடித்துக்கொண்டு அங்கே காத்திருந்தான், கூட ஒரு கூலியாள். அந்தோணியும் சவரியம்மாளும் பானைகளை மணலில் வைத்துவிட்டு இருபது முழம் தள்ளிப் போய் நின்றார்கள். கூலியாள் ஒரு கழியால் முதல் பானையைச் சாய்த்தான். தண்ணீர் மணலுக்குள் போயிற்று, மீன்கள் கொதிக்கிற மணலில் புரண்டன. இரண்டாவது பானையையும் சாய்த்தான். முனுசாமி இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான்.

"இன்னாய்யா இது? மீன் சாவுது!" என்று கத்தினேன்.

"ஈரம் காயணும்ங்க. ஈரத்துலதான் தீட்டு ஒட்டிகினு வரும். தோலு காஞ்சிட்டா போயிடும். அப்புறம் நம்ம தண்ணிய ஊத்திப்போம். சந்தையில நாலு பேரு கேப்பாங்க இல்லீங்களா?"

"காஞ்சா மீன் எப்படிய்யா பொழைக்கும்?"

"கொஞ்சம் சாவும், கொஞ்சம் ரயில்ல சாவும். இங்க சாவறதுக்கு நான் அவங்களுக்குக் காசு குடுக்கறதில்ல. எனக்கு நஷ்டம் இல்லீங்க."

ஒரு வருஷமாக நான் ரயிலைத் திட்டியிருக்கிறேன், வெயிலைத் திட்டியிருக்கிறேன், ரயில் கார்டைக்கூடத் திட்டியிருக்கிறேன். இங்கே ஒருவன் தண்ணீரிலேயே பிறந்த ஜந்துவுக்குத் தீட்டுக் கழிக்கிறேன் என்று அதை வெயிலில் காயப்போட்டுக் கொல்கிறான். சேரியார் கையில் வளர்ந்த மீன் வேண்டும், அந்தக் கை மொண்ட தண்ணீர் வேண்டாம். நெசவுத் தெருக் கஞ்சி மட்டும் அந்தப் பானையில் உலர்ந்தா விழுகிறது? இங்கே செத்த மீனையும் அவன் விட்டுவிடுவதில்லை. பொறுக்கிப் பானையில் போட்டு, எனக்கே விலைக்கு அனுப்பியிருக்கிறான்!

மிச்சமிருந்த இரண்டு பானைகளுக்கு முன்னால் போய் நின்றேன். இவை எனக்கு என்றேன். வேலூரில் முனுசாமிக்குக் கொடுக்கும் விலையையே அந்தோணியின் கையில் வைத்தேன், தூக்கிப் போடவில்லை, கையில் வைத்தேன்.

முனுசாமி குடையை மடக்கினான். "தாராளமா எடுத்துகினு போங்க. ஆனா நாளையிலேர்ந்து அந்தப் பள்ளத்து மீனு ஒண்ணுகூட ஆரணியில விக்காது. நானும் வாங்க மாட்டேன், வாங்கவும் விட மாட்டேன்."

சவரியம்மாள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் மேல் பாய்ந்தாள். "எங்க பொழப்புல ஏன் சாமி மண்ண அள்ளிப் போட்டீங்க? நீங்க இன்னிக்கு வந்தீங்க, ரயிலேறிப் போயிடுவீங்க. பள்ளத்துல கீற மீன நாளைக்கு யாரு வாங்குவாங்க?"

"நான் வாங்கறேம்மா. வாராவாரம்."

"சொல்றதுக்கு இன்னா" என்றாள். அதுவும் நியாயம்தான்.

கோவிந்தனைக் கூப்பிட்டேன், பானைகளை ஏற்று என்றேன். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நாலு பேரு ஏர்ற வண்டிங்க, பேஜாராயிடும். நீங்க வேணா ஏறிக்குங்க" என்றான். காலையில் என் கட்டுச்சோற்றைத் தின்ற ஆள்! பத்தணாவை எண்ணிக் கொடுத்து, போய்த் தொலை என்றேன். இன்னும் மோசமாகவும் ஏதோ சொன்னேன், அச்சில் ஏறாது. கிட்டத்தட்ட ஏழு மைலை நானும் அந்தோணியும் நடந்தோம். காவடியை நடுவழியில் நான் வாங்கிக்கொண்டேன். கால் மைலில் தோள் கழன்றுவிட்டது, திருப்பிக் கொடுத்தேன். ஸ்டேஷனில் அந்தோணி, "அடுத்த வாரமும் இதே ரயிலுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கார்டு, பானை ஒழுகுமா என்று மட்டும் கேட்டான். யாருடைய தண்ணீர் என்று கேட்கவில்லை.

வேலூரில் இறக்கியபோது ஒரு மீன்கூடச் சாகவில்லை.

மறுநாள் ஒரு குமாஸ்தா விரலை நக்கிக்கொண்டே, "இன்னைக்குத்தான் விரால் விராலா இருக்கு. எந்த ஏரி?" என்றார். சொன்னேன். யார் வளர்த்தது, எப்படி வந்தது, எல்லாம் சொன்னேன். இரண்டு பேர் பாதி இலையில் எழுந்தார்கள். காசை வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். குமாஸ்தா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றார்.

அதன்பிறகு வாராவாரம் அந்தோணி ஸ்டேஷனுக்கு வந்து பானைகளை ரயிலேற்றுகிறார். ஆனால் என் கடைக்கு இரண்டு பானை போதும், பள்ளத்தில் நாலு பானை மீன் இருக்கிறது. முனுசாமி சொன்னபடியே செய்துவிட்டான், ஆரணியில் அதை யாரும் தொடுவதில்லை. போன வாரம் நானே போயிருந்தேன். சவரியம்மாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே, "மீதிக்கு யாரு வருவாங்க ஐயா?" என்றாள்.

ஆகவே சாப்பாட்டுக் கடைக்காரர்களே, போங்கள். சனிக்கிழமை விடியற்கால ரயிலைப் பிடியுங்கள், சாயங்காலமே திரும்பிவிடலாம். வாய் குறுகின பானையும் மூடக் கொஞ்சம் வைக்கோலும் கொண்டுபோங்கள். வண்டிக்காரனிடம் பானையைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள், சோறு கொடுப்பது அதற்குப் பிறகு. காசைக் கையில் கொடுங்கள். முக்கியமாக, வழியில் தண்ணீரை மாற்றாதீர்கள். அந்தோணி மொண்டு ஊற்றுகிற தண்ணீரில்தான் மீன் உயிரோடு வருகிறது.