துரைசானி வீட்டுச் சீம்பால்

எங்கள் பசு கன்று போட்ட மறுநாள், கன்றைவிட எனக்குத்தான் கால்கள் அதிகமாக நடுங்கின.

கொல்லிமலை அரியூர் நாட்டில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சீம்பாலை வெல்லம் போட்டு அவித்து, முதல் துண்டைச் சாமிக்குப் படைத்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். மீறினால் கன்று தங்காது. அந்தப் படையல் இன்னும் ஆகவில்லை.

வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அன்று மத்தியானம் வாழையிலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தார். காலையில் எங்கள் பசுவைக் கறந்ததும் அவர்தான்.

"தின்னு கண்ணு" என்றார்.

மஞ்சளாக இருந்தது. தொட்டால் தளுக் தளுக்கென்று ஆடியது. தலையிலிருந்து வெல்லப்பாகு மாதிரி ஒன்று வழிந்தது. இரண்டே வாயில் விழுங்கிவிட்டு, ஏப்பம் விடும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஐயோ, இது சீம்பால்!

தொழுவத்துக்கு ஓடினேன். கன்று கழுத்தைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது, அது என் மூச்சா, அதன் மூச்சா என்றுதான் தெரியவில்லை. கன்று தும்மியது. போச்சு! அங்கேயே சாமிக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். எனக்கென்று இருந்த சொத்து தலைமுடி ஒன்றுதான். மறுபடி தும்மியது. மொட்டை போதவில்லை போலும் என்று காதுகுத்தையும் சேர்த்தேன். ஏற்கெனவே குத்திய காதுதான். சாமி கவனிக்காது என்று நினைத்தேன்.

பொழுது சாயும்வரை தாக்குப்பிடித்தேன். பிறகு ஓவென்று அழுதுகொண்டே போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"சாமிக்கு வெக்கற பால மாமா எனக்குக் குடுத்துட்டாரும்மா! கன்னுக்குட்டி சாகப்போகுது!"

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட கிறுக்கு மாப்ளே! அது பாலும் முட்டையும் கலந்து அவிச்சது. மேல ஊத்துனது கருக்குன சக்கரை. வெள்ளக்காரங்க சீம்பாலுக்கு மாடு கன்னு போட வேண்டாம், கோழி முட்ட போட்டாப் போதும்!"

"அத எதுக்குடா உங்கிட்டக் குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டாள்.

மாமாவின் சிரிப்பு நின்றது. "துரைசானி அவங்க பையனுக்குப் புடிக்கும்னு செய்யச் சொல்லுதுக்கா. காய்ச்சல்ல போனானே, அந்தப் பையன். அவனோட சின்ன நாற்காலிக்கு முன்னால வெக்கச் சொல்லும். கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்துட்டு, எடுத்துட்டுப் போன்னுடும்."

நான் தொழுவத்தை எட்டிப் பார்த்தேன். கன்று எழுந்து நின்று, பசுவின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. உலகத்தில் இருந்த ஒரே கவலையும் தீர்ந்தது.

"மறுபடி எப்ப மாமா, துரைசானி எடுத்துட்டுப் போகச் சொல்லும்?" என்று குதித்துக்கொண்டே கேட்டேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டாள். கன்றுதான் பிழைத்துவிட்டதே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.