மூன்று சக்கரத்தில் அவள் நம்பர்

வேன் அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். பள்ளி வேனில் பதினோரு வருடமாக உதவியாளர். பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றுவாள், இறக்குவாள், ஒவ்வொருவரும் ஏறி இறங்கிய நேரத்தை நோட்டில் குறிப்பாள். நாற்பத்து மூன்றாவது வயதில் வேன் ஓட்டப் படித்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். பழைய டிரைவர் ஓய்வு பெற்றதும், "இனிமே நீயே ஓட்டும்மா" என்று பள்ளி மேலாளர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. அவள் பேரில் போக்குவரத்து வழக்கு எதுவும் இல்லை என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அது வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

புதன்கிழமை காலை தபாலில் வந்தது அபராதச் சீட்டு. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை எட்டு ஐம்பத்திரண்டுக்கு அவளுடைய வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதாம். அவளிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். சீட்டில் அச்சாகியிருந்த கேமரா படத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ தண்ணீர் கேன் ஏற்றிய சரக்கு ஆட்டோ.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே அலுவலகத்தில் நின்றாள். மூன்றாம் கவுண்டரில் இருந்த எழுத்தர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது என் வண்டி இல்லைங்க."

"எல்லாரும் முதல்ல அதைத்தாம்மா சொல்வாங்க."

"என் வண்டிக்கு ரெண்டு சக்கரம். இதுக்கு மூணு. நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணிப் பார்த்தார். "நம்பர் உங்களோடதுதானே?"

"நம்பர் என்னோடது. சக்கரம் என்னோடது இல்ல."

நோட்டையும் நீட்டினாள். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பள்ளி வாசலில் பத்தொன்பது பிள்ளைகளை இறக்கிவிட்ட கணக்கு அதில் இருந்தது.

"நீங்க எங்க இருந்தீங்கன்னு யாரும் கேக்கலையேம்மா. வண்டி எங்க இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. பேசாம அபராதத்தைக் கட்டிட்டுப் போயிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"கட்டினா?"

"கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்டதா பதிவாகும்."

"அப்போ கட்ட மாட்டேன்."

எழுத்தர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் கல் நெஞ்சுக்காரர் இல்லை. படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்து, "இந்த ஆட்டோவைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

அங்கிருந்து நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது அவர் தொழில். பத்துக்கு எட்டடி அறை, சுவர் முழுக்கத் தகடுகள், தின்னர் வாடை. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பாரேன்! எவன்டா இது..." என்று ஆரம்பித்தவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அது அவருடைய கையெழுத்து.

விஷயம் இதுதான். கடை வாசலில் மாதிரிக்காக ஒரு பிளேட் தொங்கும். வாயில் வந்த நம்பரை எழுதினால் அது ஊரில் எவனுடையதாகவாவது இருந்து வம்பாகிவிடுமே என்று, அவர் எப்போதும் மனைவியின் ஸ்கூட்டர் நம்பரையே எழுதித் தொங்கவிடுவார். நம்முடையது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

"தண்ணி கேன்காரன் அளவு பார்த்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனான். புது ஆட்டோ, நம்பர் இன்னும் வரலைன்னான். மாட்டியே விட்டுட்டானா, படுபாவி!"

"ஊரான் வம்பு வேண்டாம்னு என் தலையில கட்டிட்டீங்க. நல்ல ஜாக்கிரதைதான் போங்க" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. சுத்தமாக இருந்த பிரஷ்ஷையே மூன்று தடவை துடைத்தார். "நான் எழுதிக் கொடுத்தேன்னு அங்க போய்ச் சொன்னா கடை லைசென்ஸ் என்னாகும்னு தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தார் மனுஷன். பிறகு ஷட்டரை இழுத்து மூடினார். "வா, முதல்ல அவனைப் பிடிப்போம்."

கேன்காரன் சாயங்காலமே அகப்பட்டான். "அண்ணே, நாலே நாள்தாண்ணே மாட்டினேன்! அக்கா நம்பர்னு சத்தியமா தெரியாதுண்ணே!"

"சத்தியத்தை நாளைக்கு அங்க வந்து சொல்லு. ஆட்டோவையும் பிளேட்டையும் கொண்டு வா."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மூவரும் அதிகாரி அம்மாவின் மேஜைக்கு முன் நின்றார்கள். கணவர் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"ஏன்யா, எழுதறதுக்கு உலகத்துல வேற நம்பரே கிடைக்கலையா?"

"எதை எழுதினாலும் அது யாரோடதாவதா இருக்குமேங்க."

அம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. பக்கத்தில் நின்ற எழுத்தர் வாய்விட்டே சிரித்துவிட்டார். அதிகாரி அம்மா சொன்னார்: "இனிமே எல்லாம் சைபர் போட்டு எழுதுங்க. இந்தத் தடவை எச்சரிக்கையோட விடறேன். அடுத்த தடவை கடையை மூடிடுவேன்." கேன்காரன் பேரில் இரண்டு சீட்டு எழுதப்பட்டது: ஒன்று சிவப்பு விளக்குக்கு, இன்னொன்று பிளேட்டுக்கு. அவள் பேரில் இருந்தது ரத்தானது.

ரத்தானது கம்ப்யூட்டரில் ஏற மேலும் மூன்று மணி நேரம். அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு ஐம்பதுக்குச் சான்று கைக்கு வந்தது, மூன்றரைக்கு மேலாளர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. "திங்கக்கிழமை ஆறே காலுக்கு வந்துடு" என்று சாவியைக் கொடுத்தார் அவர்.

திங்கட்கிழமை வேன் முதல் நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. அவள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஏழு பத்துக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண் ஒவ்வொரு தலையாக எண்ணிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"சாத்தியாச்சுக்கா, போலாம்."

பதினோரு வருடமாக அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்துச் சொன்ன வார்த்தை. கண்ணாடியில் ஒரு தடவை பின்பக்கம் பார்த்துக்கொண்டு, கியரைப் போட்டாள்.