இரண்டாம் மாடி முக்காலி

நேற்று லிஃப்டில் யாரோ தைலம் பூசிக்கொண்டு ஏறியிருந்தார். கதவு மூடி வாடை மூக்கில் ஏறியதும் என் இடது முழங்கால் விறைத்துக்கொண்டது. அதற்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கிள்ளானில் கிடங்குகளின் தகரக் கூரைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். கூரைமேல் நடப்பவனுக்கு ஒரே சட்டம்தான்: ஆணி வரிசையில் கால் வைக்கவேண்டும். ஆணிக்குக் கீழேதான் மரச்சட்டம். மற்றதெல்லாம் வெறும் தகரம். துருப்பிடித்த ஆணிகள் கோடு கிழித்ததுபோல் வழி காட்டும். அடியேன் முதல் பூச்சிலேயே அந்த ஆணிகளையெல்லாம் பச்சைச் சாயத்தில் அழகாக மறைத்துவிட்டேன். இரண்டாம் பூச்சு எப்படி வந்திருக்கிறது என்று பெருமையாகப் பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தேன். தகரம் பிளந்தது. கீழே சிமெண்டுத் தரை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. இடுப்பில் இரும்பு வைத்தார்கள். முழங்கால் மடங்கவே மாட்டேன் என்றுவிட்டது. வீடோ பிரிக்பீல்ட்ஸில் நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. நண்பர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள், கல்யாண மாப்பிள்ளை கெட்டான்!

மறுநாளே என் மனைவி மேரி பேச்சை எடுத்தாள்.

"கிள்ளான்ல எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்ங்க. கீழ் வீடு, படியே இல்ல."

"போனா அங்கயே உக்காந்து பழகிடுவேன் மேரி. கிறிஸ்மஸ் வரைக்கும் டைம் குடு. யாரும் புடிக்காம, எங்கயும் உக்காராம ஏறிக் காட்டுறேன். முடியலன்னா போயிடலாம்."

வீம்புக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டை விட்டால் அதோடு நான் முடிந்தேன் என்று பயந்தேன்.

தினமும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினேன். நல்ல கால் முதலில், மற்றது பின்னால். வியர்வையும் தைலமும் கலந்து படிக்கட்டெல்லாம் என் வாடைதான். ஒரு காலை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிவப்பு முக்காலி ஒன்று இருந்தது. அந்த மாடிச் சீன ஆன்டி கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து, "டூடூக் லா" என்றார். உட்காரச் சொல்கிறார். நல்ல மனசுதான். ஆனால் உட்கார்ந்தால் தோற்றேன். அந்த முக்காலியை நான் வெறுத்ததுபோல் எந்த மனிதரையும் வெறுத்ததில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மாலை. மேரி இரண்டு படி பின்னால், கையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடியில் என் நல்ல கால் வெடவெடத்தது. கண் முக்காலியைவிட்டு நகரவில்லை. ஆன்டி வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். முக்காலியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

ஏறிவிட்டேன். வாசலில் மேரி, "சரி, இங்கயே இருப்போம் லா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் முக்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பிறகு பங்சாரில் ஒரு கடையில், தரையில் நின்றபடி சாயம் கலக்கும் வேலை கிடைத்தது. தினமும் இறங்கினேன், ஏறினேன். ஒருநாளும் அந்த முக்காலியில் உட்காரவில்லை. மழைக்காலத்தில் இடுப்பு உயிரை வாங்கும், அப்போதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஆன்டி நாங்கள் கிளம்புவதற்கு முந்தின மாதமே மகனோடு செமினிக்குப் போய்விட்டிருந்தார். முக்காலியை மட்டும் விட்டுப் போயிருந்தார்.

கடைசி மூட்டையோடு இறங்கியபோது அதில் உட்கார்ந்தேன், காலை நீட்டிக்கொண்டு. கீழேயிருந்து மேரி, "என்னாச்சு, வலிக்குதா?" என்று கத்தினாள்.

"இல்ல, வரேன்."

எதிரே ஆன்டியின் கம்பிக்கதவு பூட்டிக் கிடந்தது. நன்றி சொல்ல ஆளில்லை.