பாதி திறந்த வால்வு

மேலே தூக்கிப் போட்ட மோட்டாரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பம்பைப் பிரித்து, உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்களைத் தார்ப்பாய் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் எலி கொறித்த அப்பளம் மாதிரி இருந்தது. மோட்டார் தூக்க வந்தவர் கன்னடக்காரர். "மரளு ஜாஸ்தி" என்றார். மணல் அதிகமாம். அது எங்களுக்குத் தெரியாதா? இதோடு மூன்றாவது முறையாக அதே போர்வெல்லிலிருந்து அதே மோட்டாரைத் தூக்குகிறோம்.

கர்நாடக எல்லை ஓரம், தளிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் நிலம். மாமனார் காலத்துக்குப் பிறகு என் கணவரும் அவர் அண்ணனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். போர்வெல்லை மட்டும் பிரிக்க முடியவில்லை, பொதுவில் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் தண்ணீர் அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு. அவர்கள் பீன்ஸும் முட்டைக்கோஸும் போடுவார்கள். நாங்கள் பசுமைக்குடில் கட்டிக் குடைமிளகாய் போட்டிருந்தோம். கணவர் ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். நானும் அங்கே ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, குடில் கட்டியபோது வேலையை விட்டவள்தான். அதனால் குடில் என் பொறுப்பு.

மாமா, அதாவது கணவரின் அண்ணன், முதல் தடவை மோட்டார் போனபோது தண்ணீர் கீழே போய்விட்டது என்று சொல்லி, போரின் அடிமட்டம் வரை அதை இறக்கச் சொன்னார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான் அது. அடியில்தானே மணல் தங்கும், அங்கேயே கொண்டுபோய் வாயை வைத்தால் அது மணலைத்தானே குடிக்கும் என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை இன்னும் ஒரு படி மேலே போய், பம்ப் தண்ணீர் உறிஞ்சும் இடத்தைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டி இறக்கினார். கொசு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தண்ணீரும் போகவில்லை. வலையை மண் அடைத்துக்கொள்ள, மோட்டார் சூடேறி உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுற்று கருகிப்போனது. அந்தக் கொசுவலை ஓரகத்தி கட்டிலில் இருந்து கழற்றியது. அதற்காக மாமா வாங்கிய திட்டு வேறு கதை.

மூன்றாவது தடவை அவருக்கு வெறுத்துவிட்டது. தனக்கென்று தனியாக ஒரு போர் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்து, பழைய போரிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் கல் நட்டு மஞ்சள் தடவிவிட்டுப் போனார். திருச்செங்கோட்டுப் போர் போடும் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை முடிந்ததும் வருவார்கள்.

எங்கள் ஊர் பாறை நிலம். பாறையில் இருக்கிற ஒரு வெடிப்பு வழியாகத்தான் எங்களுக்குத் தண்ணீர். பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டால் இரண்டும் ஒன்றையொன்று உறிஞ்சிக் காய்ந்துவிடும். குடிலில் செடிகள் பூ விடத் தொடங்கியிருந்தன. அந்த வண்டி வந்தால் என் குடில் போயிற்று, அவருடைய பீன்ஸும் போயிற்று. பேச்சுவார்த்தையும் அதோடு நின்றுவிடும்.

கம்பெனியில் மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் தண்ணீரை வருடக்கணக்கில் பார்த்தவள் நான். வேகமாக ஓடினால் இரும்புத் தூளை அள்ளிக்கொண்டு ஓடும். மெதுவாகப் போனால் தூள் அங்கேயே படிந்துவிடும். போரிலும் அதே தண்ணீர்தானே. எங்கள் முறை என்று வந்துவிட்டால், நாளைக்குக் கிடையாதே என்று வால்வை முழுசாகத் திறந்துவிட்டு உறிஞ்சுவோம். அவர்களும் அப்படியே. போதாததற்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்து வந்து போகும்போதெல்லாம் மோட்டார் தானாக உதறிக்கொண்டு கிளம்பி, படிந்த மணலைக் கலக்கிவிடும். இம்பெல்லரைத் தின்றது மணல்தான். ஆனால் அதை மேலே இழுத்து வந்தது நாங்கள் போட்ட முறை.

புது இம்பெல்லர் மாட்டியதும், இந்தத் தடவை மோட்டாரைச் சில பைப் நீளம் மேலே நிறுத்தச் சொன்னேன். போர் வண்டி வரும்வரை எதையோ செய்துகொள் என்கிற மாதிரி மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வால்வை முழுசாகத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். பிறகு பாதியாகக் குறைத்து, அதே அளவு நேரம் ஓடவிட்டு, இன்னொரு பாட்டிலில் பிடித்தேன். இரண்டையும் தொட்டிச் சுவர் மேல் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். முதல் பாட்டிலின் அடியில் விரல் கனத்துக்கு மணல் இறங்கியது. இரண்டாவதில் ஒரு சிட்டிகை. ஓரகத்தி இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமா பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "செரி, மணல் வரல. பாதித் தண்ணிய வெச்சிகிட்டு எம் பீன்ஸுக்கு நான் என்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். முறையை எடுத்துவிடலாம் என்றேன். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டார் பாதி வால்வில் மெதுவாக ஓடட்டும், தண்ணீர் ஒரே குட்டையில் சேரட்டும், இரண்டு வீடும் தேவைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மெதுவாக எடுத்தால் போரில் மட்டமும் இறங்காது.

"குட்டைய எங்க வெட்றது?" என்றார். அதில்தான் எல்லாம் இருந்தது. யார் நிலத்தில் தண்ணீர் நிற்கிறதோ அவர் கைதான் மேலே. நானும் ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தேன்.

"ஒங்க நெலத்துலயே வெட்டுங்க மாமா. அதான் மேடு, தண்ணி தானா எங்களுக்கு எறங்கி வரும்."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்ததும், அண்ணன் மடையை அடைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அடைத்தால் அப்போது போய்ச் சண்டை போடுகிறேன், சண்டை போட எனக்குத் தெரியாதா என்றேன். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

குட்டை வெட்டித் தார்ப்பாய் விரித்தோம். ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, கரண்ட் வந்ததும் யாராவது போய்க் கையால் போடுவது என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் ஓரகத்தி போடுவார். வால்வைத் தொட மாட்டார், அதை நான் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தேன். தப்பி வந்த கொஞ்ச மணலும் குட்டையின் அடியில் தங்கிவிட்டதால் சொட்டுநீர்க் குழாய்களும் அடைக்கவில்லை. குடைமிளகாய் காய்க்கத் தொடங்கியது. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் போர் வண்டி வேண்டாம் என்று மட்டும் மாமா யாரிடமும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் காலையில் வண்டி வந்தேவிட்டது. சத்தம் கேட்டு, காய் பறித்த கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். லாரி மேட்டில் நின்றது. டிரைவர் இறங்கி, பாயிண்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா குட்டைக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"வேணாம் தம்பி. பழைய போரே ஓடுது" என்றார்.

அதில்தான் மணல் வருகிறதாமே, திரும்ப மோட்டார் போய்விட்டால் கூப்பிட்டாலும் உடனே வர முடியாது என்று டிரைவர் சலித்துக்கொண்டார்.

"போவாது. அத எங்க வூட்டு மருமக பாத்துக்கும்."

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் 'தம்பி பொண்டாட்டி'தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்தவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது, போய் டீ போடு என்றார். வீட்டுக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.